இரண்டும் செவ்வரளி

மருத்துவம் படிக்க எனக்குத் தகுதி போதாது என்று சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. அதைச் சொன்னது தேர்வுக்குழு அல்ல, ஆசிரியர்கள் அல்ல, உறவினர்கள் அல்ல. நான்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் அம்மனின் வாயாலும் அதையே சொல்லவைக்க முயன்றேன். அந்தக் குற்றத்தையும் அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த கருணையையும் நம் கோயிலின் ஆடி மலர் வழியாக உங்கள் முன் வைக்கிறேன்.

மலருக்குப் பொறுப்பானவர்கள் கேட்டபோது, எழுதுவதற்குப் பதில் மேடையில் பேசட்டுமா என்றுதான் முதலில் கேட்டேன். பிறகு நானே வேண்டாம் என்றேன். பேசினால் அழகாக்கிவிடுவேன். எழுதினால் நிறுத்தி, திரும்பப் படித்து, பொய்யானதை அடிக்கலாம்.

என் பெயர் செண்பகம். வீட்டில் செம்பா. தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், அப்பா ரவிக்கைத் துணிக்கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது, வளர்ந்தது, பேசிப் பழகியது எல்லாம் இங்கேதான்.

பேசிப் பழகியது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து மேடையேறியவள் நான். மயிலாப்பூரில் நடக்கும் மேடைப் பேச்சு வகுப்புக்கு வாரம் இருமுறை பேருந்தில் போவேன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் நிறுத்தினாலும், பத்து நிமிடத்தில் தயாராகி எதிரணியை வாயடைக்கச் செய்ய முடியும். பரிசுக் கேடயங்களுக்கு அலமாரியில் இடம் போதாமல், கடையில் லைனிங் துணி அடுக்கும் மேல்தட்டில் வைத்தார் அப்பா. துணி வாங்க வருபவர்களிடம் அவற்றைக் காட்டுவார். இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நான் மருத்துவராக விரும்பியதற்குக் காரணம் பேச்சு அல்ல. என் அம்மாவின் பேசாமை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அம்மாவுக்குப் பல மாதங்களாக வயிற்றுவலி. அரசு மருத்துவமனைக்குத் துணையாகப் போனேன். அம்மாவுக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. "எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்" என்று இரண்டு இடங்களில் கேட்டார்கள். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முந்திக்கொண்டு சொல்லப் போனேன். மூன்றாவதாகப் பார்த்த பெண் மருத்துவர் என்னைப் பார்த்து விரலை உயர்த்தினார். பேனாவைக் கீழே வைத்தார். வரிசை நீண்டிருந்தது. அவர் காத்திருந்தார். அம்மா மெல்லத் தன் கையை எடுத்து வலது விலாவுக்குக் கீழே வைத்தார். "சாப்பிட்ட பொறவு, முதுகு வரைக்கும்" என்றார். பித்தப்பையில் கல். அறுவை செய்தார்கள். அம்மா நலமானார். அந்த ஒரு நிமிட மௌனத்தைப் பார்த்த நாளில்தான் நான் என்னவாக வேண்டும் என்பதை முடிவு செய்தேன்.

பள்ளி ஆண்டு விழா மேடையில் அந்தக் கதையை மூன்று முறை சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் கைதட்டல். தெருவில் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு நீட் முடிவு வந்தது.

மோசமான மதிப்பெண் இல்லை. அதுதான் துன்பமே. மோசமாக இருந்திருந்தால் அழுது முடித்திருக்கலாம். முந்தைய ஆண்டுப் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எங்கள் பிரிவில் அரசுக் கல்லூரியில் கடைசி இடம் பெற்றவரைவிட எனக்கு ஏழு மதிப்பெண் குறைவு. எழுபது இல்லை, ஏழு.

அப்பா யாரிடமோ விசாரித்து, ஆழ்வார்பேட்டையில் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்துக்கு என்னை அழைத்துப் போனார். நான் என் கோப்பை எடுத்துக்கொண்டேன். மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞர்.

"இன்னா சிஸ்டர், இவ்ளோ பெரிய ஃபைலு?"

"என் சான்றிதழ்கள். அறுபத்து மூன்று."

ஒவ்வொன்றாகப் புரட்டினார். "பேச்சுப் போட்டி. பட்டிமன்றம். மாநில அளவுல ஃபர்ஸ்ட்டு. இதுவும் ஃபர்ஸ்ட்டு. சூப்பரு. ஆனா இதுக்கெல்லாம் அங்க அரை மார்க்கு கூட கெடையாது. அங்க ஒரே ஒரு பேப்பருதான். அத்தக் குடுங்க பாப்போம்."

கொடுத்தேன். பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"பார்டர்ல கீறீங்க."

"கிடைக்குமா, கிடைக்காதா?"

"கெடைக்கும்னு சொன்னா அது பொய்யி. கெடைக்காதுன்னு சொன்னா அதுவும் பொய்யிதான். அப்ளை பண்ணி வைங்க. லிஸ்ட்டு வரட்டும்."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வரும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. முடிவில் மணியடித்து, இந்த அணிக்கே வெற்றி என்று சொல்லாத மேடையை நான் அதுவரை பார்த்ததில்லை. விண்ணப்பம் போட்டால் என் பெயர் தரவரிசைப் பட்டியலில் வரும். தெருவே பார்க்கும். முதல் சுற்று முடிந்து இடமில்லை என்றால் அதையும் பார்க்கும். மூன்று முறை கைதட்டல் வாங்கிய கதை என்ன ஆகும்? யாரோ என்னைத் தோற்கடிப்பதற்கு முன்னால் நானே விலகிவிடுவது கௌரவம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் கூட்டமில்லை. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அம்மா லைனிங் துணியை மடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்காமல் எனக்குப் பேச வராது.

மூன்று வாதங்களை வைத்தேன். சென்ற ஆண்டுக் கடைசி இடத்துக்கும் எனக்கும் ஏழு மதிப்பெண் இடைவெளி என்றேன். இந்த ஆண்டு போட்டி இன்னும் கடுமை என்றேன். நாவில் திறமை உள்ளவள் போக வேண்டிய இடம் சட்டக் கல்லூரி என்றேன். "மூடிய கதவின் முன் மாதக்கணக்கில் நிற்பதைவிட, திறந்த கதவில் தலைநிமிர்ந்து நுழைவதே அறிவுடைமை" என்று முடித்தேன். குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏ ஈஸ்வரி, புள்ள வெவரமாத்தான் சொல்லுதா. அவ சொன்னா ஜட்ஜு சொன்ன மாதிரி. நமக்கு என்ன தெரியும்?"

அம்மா மடித்த துணியைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒன்ன மாதிரி பேச வராது, செம்பா. நீ சொன்னதுல எது தப்புன்னு சொல்லவும் தெரியல. டாக்டருக்கு அப்ளிகேசன் போடலாமான்னு அம்மன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம். வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாப்போம்."

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மனம் ஒரு முடிவுக்கு வராதபோது, வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் வைத்து, உள்ளே இருப்பது தெரியாதபடி நாரால் கட்டி, அம்மன் பாதத்தில் வைப்போம். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அதை அப்படியே வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் கடை பிடித்தது, எனக்குப் பெயர் வைத்தது எல்லாம் இப்படிக் கேட்டுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா விளக்குக்கு எண்ணெய் வாங்கக் கடையில் நின்றார். பூ வாங்கிக் கட்டி வைக்கும்படி என்னைக் கோயில் வாசலுக்கு அனுப்பினார். வாசலில் பூ விற்கும் மங்காக்கா என்னைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர்.

"ரெண்டு செவ்வரளி குடுங்கக்கா. வாழையிலையும் நாரும் வேணும்."

"பூக்கட்டியா பாக்கப் போற? அப்போ ஒண்ணு வெள்ள, ஒண்ணு செகப்பு இல்ல எடுக்கணும்?"

"இது வேற விஷயத்துக்கு."

மங்காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாவோ போ. வாய் இருக்கறவளுக்கு நான் இன்னாத்த சொல்றது" என்று இரண்டு செவ்வரளியை எடுத்துக் கையில் வைத்தார்.

இரண்டையும் கட்டினேன். வெள்ளை வந்துவிடுமோ என்ற பயம், தவறு செய்கிறோம் என்ற பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. மேடையில் சீட்டுக் குலுக்கி எந்த அணி என்று முடிவு செய்வார்கள். எனக்கு எந்தச் சீட்டு வந்தாலும் கவலை இல்லை என்று பெருமை பேசியவள் நான். அன்று இரண்டு சீட்டிலும் ஒன்றையே எழுதினேன்.

பூசாரி கற்பூரம் காட்டினார். கண்ணை மூடினார். ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதைப் பிரிக்கும் முன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிரித்தார்.

அம்மா என்னைத் திட்டியிருக்கலாம், அம்மனிடம் கோபித்திருக்கலாம், இன்னொரு முறை கேட்போம் என்றிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. செவ்வரளியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "சரி தாயி. நீ சொன்னா சரிதாம்" என்றார். மற்றப் பொட்டலத்தை மரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன்.

கடைக்கு வந்ததும் அம்மா நேராகக் கல்லாவுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். கெட்டியான, நல்ல துணி. இரண்டரை மீட்டர் வெட்டி, மடித்து, பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். எதற்கென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருத்துவ மாணவர்கள் போடும் கோட்டுக்கு. எப்போது வெட்டினாரோ தெரியாது. ஓரம் லேசாகப் பழுத்திருந்தது.

வெட்டிய துணியை மறுபடி முழுத்துணிப் பேலில் சேர்க்க முடியாது. அம்மா அதைச் சேலைத் துண்டிலிருந்து உருவி, வாசலில் கட் பீஸ் கிடக்கும் கூடையில் போட்டார். மேலாக அல்ல, மற்றத் துண்டுகளுக்கு அடியில். பிறகு வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அம்மா அளக்கப் போய்விட்டார்.

அன்பர்களே, நான் எத்தனையோ பேரைப் பேசித் தோற்கடித்திருக்கிறேன். ஒரு மனுஷி என் முன்னால் இப்படித் தோற்று நான் பார்த்ததில்லை. என்னிடம் தோற்கவில்லை. அம்மன் சொல்லிவிட்டாள் என்று நம்பித் தோற்றார். அவர் நம்பிக்கை முழுமையாக இருந்தது. அதில் பொய் வைத்தவள் நான்.

மறுநாள் சனிக்கிழமை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை. காலையில் யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போனேன்.

அதற்கு முன்பும் நான் வேண்டியிருக்கிறேன். தேர்வுக்கு முன் நாற்பத்தெட்டு நாள் தவறாமல் போனேன். ஆனால் நான் வேண்டிய விதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சன்னிதியில் நின்று, எனக்கு ஏன் தர வேண்டும் என்று காரணம் அடுக்குவேன். உழைத்தேன், விரதம் இருந்தேன், ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பேன். தொகுத்து முடிப்பேன். அம்மனையும் நடுவர் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பேசினேன்.

அன்று வாயைத் திறந்தேன். ஒரு வாக்கியமும் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. அம்மா மருத்துவமனையில் நின்ற மாதிரி நின்றேன். துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அங்கே நின்றிருந்த நேரத்தில் என் நெஞ்சில் இருந்தது இவ்வளவுதான். எனக்குத் தகுதி போதுமா போதாதா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா. பயமாக இருக்கிறது. நீ பார்த்துக்கொள்.

அதுதான் என் பிரார்த்தனை. அதற்கான பதில் எனக்குக் கால் மணி நேரத்தில் கிடைத்தது. கடை வாசலில், கட் பீஸ் கூடைக்குப் பக்கத்தில்.

அங்கே வைஷ்ணவி நின்றுகொண்டிருந்தாள். மயிலாப்பூர் மேடைப் பேச்சு வகுப்பில் ஏழு வருடமாக எனக்கு எதிரணி. மாடவீதியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் குடும்பம். தன் அம்மாவுக்கு ரவிக்கைத் துணி வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவாள். அவள் கையில் அந்த வெள்ளைத் துணி. கூடையின் அடியிலிருந்து உருவியெடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடி. இது எவ்ளோ மீட்டர் இருக்கும்? ஒரு கோட்டுக்குக் காணுமா?"

"என்ன கோட்டு?"

"வெள்ளக் கோட்டுதான். நானும் அப்ளை பண்ணியிருக்கேனே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மதிப்பெண் எனக்குத் தெரியும். என்னைவிட நாற்பது குறைவு.

"உனக்கு எப்படி வைஷு?"

"கெடைக்காதுன்னு எங்காத்துல எல்லாரும் சொல்லிண்டிருக்கா. கெடைக்கலேன்னா பிசியோதெரபி. அதுக்கும் கோட்டு வேணுமோன்னோ? துணி வீணாப் போகாது." சிரித்தாள். "நீ எந்தெந்த காலேஜ் போடப் போறே?"

"நான் விண்ணப்பிக்கவில்லை."

"ஏன்?"

என் மூன்று வாதங்களையும் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாதத்திலேயே அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இரு. இதை யார்கிட்டப் பேசினே?"

"அப்பா அம்மாவிடம்."

"எதிரணியில யாரு இருந்தா?"

"யாரும் இல்லை."

"அப்போ அது விவாதமே இல்லடி. நீயே பேசி நீயே மணியடிச்சிண்டிருக்கே. என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதோ? ஏழு வருஷமா வேற என்ன வேலை எனக்கு?" கூடையின் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். "அந்த ஏழு மார்க் எந்தப் பட்டியல்லேர்ந்து எடுத்தே?"

"சென்ற ஆண்டுப் பட்டியல்."

"எத்தனாவது சுத்து?"

கூடையில் கலைந்து கிடந்த துண்டுகளை மடிக்கத் தொடங்கினேன்.

"முதல் சுத்துதானே? கடைசி சுத்துல மார்க் எறங்கும். வேற மாநிலத்துக்கு, வேற காலேஜுக்கெல்லாம் போறவா எடத்த விட்டுட்டுப் போவா. அந்தப் பட்டியல நீ பாக்கலியா?"

பார்த்திருந்தேன். இதுதான் நான் முதன்முறையாக எழுத்தில் ஒப்புக்கொள்ளும் விஷயம். மூன்றாவது சுற்றின் பட்டியலை நான் பார்த்திருந்தேன். அதில் கடைசி மதிப்பெண் என்னுடையதற்குப் பக்கத்தில் வந்திருந்தது. எதிரணிக்கு உதவும் சான்றை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது மேடைப் பழக்கம். என் வாழ்க்கைக்கு எதிராக நானே பேசும்போதும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினேன்.

"துணியைக் குடு வைஷு" என்றேன்.

"நான் எடுத்துட்டேனே."

"அது விற்கிறதுக்கு இல்ல."

என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டாள். "அப்போ எனக்குப் பேல்லேர்ந்து புதுசா வெட்டிக் குடு. அளவுல ஏமாத்தாதே" என்றாள்.

அவள் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். நின்று பேசவில்லை. அம்மா உட்கார்ந்திருந்த பாயில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான் வைத்தேன் என்று சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது. அம்மா அவசரப்படுத்தவில்லை.

சொல்லி முடித்ததும் அம்மா முகத்தில் கோபத்தைத் தேடினேன். அங்கே இருந்தது நிம்மதி.

"அப்பம் அவ வேண்டாம்னு சொல்லலயா?"

"இல்லம்மா."

"நாம இன்னும் கேக்கவே இல்ல."

"அப்ப திரும்பவும் பூக்கட்டுவோமா? இந்தத் தடவை ஒழுங்கா?"

அம்மா யோசித்தார். "எதுக்கு? அந்த அப்ளிகேசனப் போடு. அதுவும் பூக்கட்டி வைக்கிறதுதாம். உள்ள என்ன பூ இருக்குன்னு நமக்குத் தெரியாது. அவ எடுத்துக் குடுப்பா." பிறகு என் காதைப் பிடித்துத் திருகினார். பதினெட்டு வயதில் காது திருகப்பட்டது அவமானமாகத் தோன்றவில்லை. "அம்மன்ட்ட போயி திருட்டு வேல பாக்கியோ? நாள ஒம்பது சுத்து சுத்தி வா."

சுற்றினேன். திங்கட்கிழமை காலை அப்பாவின் கைப்பேசியில் விண்ணப்பத்தை நிரப்பினோம். தளம் இரண்டு முறை நின்றது. மூன்றாம் முறை போனது. கடைசிப் பொத்தானை அம்மாவை அழுத்தச் சொன்னேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அழுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்தது காத்திருப்பு. தரவரிசை வந்தது. தெரு பார்த்தது. கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில், சென்னைக் கல்லூரிகளை மட்டும் போட்டு நிறுத்தலாம் என்று என் பழைய பெருமை ஒரு முறை எட்டிப் பார்த்தது. பட்டியலில் இருந்த அத்தனை அரசுக் கல்லூரிகளையும் போட்டேன். முதல் சுற்றில் இடமில்லை. தெரு அதையும் பார்த்தது. "இன்னாமா டாக்டரம்மா, இன்னாச்சு?" என்று கேட்டார்கள். "இன்னும் இல்லை" என்றேன். அதைச் சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதிது. இரண்டாம் சுற்றிலும் இடமில்லை. அன்று நான் அழுதேன். அம்மா அழவில்லை. "அவ இன்னும் கண்ணத் தொறக்கல, கைய நீட்டிக்கிட்டு இருக்கா, பொறு" என்றார்.

மூன்றாம் சுற்றின் முடிவு தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தது. கடையில் நிற்க இடமில்லை. நான் ஒரு அம்மாளுக்கு அரக்கு நிற ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. அளவுகோலை வைத்துவிட்டுப் பார்த்தேன். தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம். கூட்டத்துக்கு மேலாக அம்மாவைப் பார்த்தேன். எத்தனையோ பேச்சுக்கு முடிவுரை எழுதியவளுக்கு அன்று ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அளந்துகொண்டிருந்த வாடிக்கையாளர் மட்டும், "பாப்பா, ஒரு மீட்டருக்குக் கொறையாம வெட்டும்மா" என்றார். தாராளமாகவே வெட்டினேன்.

வகுப்புகள் தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் சேர்ந்தேன். அந்த வெள்ளைத் துணியில் தைத்த கோட்டைத்தான் போட்டேன். ஓரத்தில் பழுப்பு இன்னும் தெரிகிறது. கேடயங்கள் கடையிலேயே இருக்கின்றன. முதலாண்டிலேயே சில நாள்கள் எங்களை வார்டுக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஒரு கிழவருக்கு வலி எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவ்வளவு செய்வதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வைஷ்ணவிக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. பிசியோதெரபி படிக்கிறாள். அவள் பக்தி என்னுடையதைவிடக் குறைந்ததல்ல, அதிகமாகவே இருக்கும். ஆகவே வேண்டினால் கேட்டது கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் தோழியின் முகத்தைப் பார்க்க முடியாது. நான் அம்மனிடம் கடைசியாகக் கேட்டது இடத்தை அல்ல. என்னை எடைபோடும் வேலையை என் கையிலிருந்து வாங்கிக்கொள் என்பதைத்தான். அதை அவள் வாங்கிக்கொண்டாள். அதுவே எனக்குக் கிடைத்த பதில். இடம் அதற்குப் பிறகு வந்த கருணை.

விடுமுறைக்கு வந்தபோது கோயில் வாசலில் மங்காக்காவிடம் ஒரு வெள்ளரளியும் ஒரு செவ்வரளியும் கேட்டேன்.

"இந்த வாட்டி கரீட்டா கேக்கற" என்றார். "இலை, நாரு வேணாமா?"

"வேணாங்கா. கட்டப் போறதில்ல."

"அப்போ இன்னாத்துக்கு?"

"சும்மா. போன தடவை ஒண்ணு பாக்கி."

அவர் காசு வாங்க மறுத்தார். இரண்டு பூவையும் திறந்த கையில் எடுத்துப் போய்ப் பாதத்தில் வைத்தேன்.

இதைப் படிப்பவர்களில் யாரோ ஒருவர், ஏதோ ஒரு மதிப்பெண்ணை, வயதை, உடம்பை, பழைய தோல்வியை வைத்துக்கொண்டு, எனக்குப் போதாது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்தத் தீர்ப்பு மிகவும் நன்றாக வாதிடப்பட்டதாகவும் இருக்கலாம். உங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. ஒரு முறை வாயை மூடிக்கொண்டு அவள் முன் போய் நில்லுங்கள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, முடிவை அவள் கையில் விடுங்கள். கேட்பதென்றால், இரண்டு பூவையும் வைத்துக் கேளுங்கள்.